கேசரி வீட்டு வாசலில் ஓரிக்ஸ்

அத்தியாயம் 11

புது வண்டி தெரு முனையில் திரும்பும் சத்தம் கேட்டதுமே ஈஸ்வரபாண்டி எழுந்து போய், தன் பழைய கேசரி பிக்கப்பை எடுத்து வீட்டு கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். சாவியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல டிரைவர் சீட்டிலேயே பேப்பரை விரித்துக்கொண்டார்.

வெள்ளை நிற ஓரிக்ஸ் பிக்கப் வந்து மூக்கு முட்டுகிற மாதிரி நின்றது. ஓட்டி வந்தது அவருடைய மூத்த மகள் பாண்டீஸ்வரி.

"அப்பா, வண்டியை எடுங்க."

"எந்த வண்டியை?"

"கேட்டை மறிச்சு நிக்கிற வண்டியை."

"என் வீடு, என் வண்டி. எங்கன வேணாலும் நிப்பாட்டுவேன்."

"அப்ப என் வண்டியை எங்கன நிப்பாட்ட?"

"எவன் வித்தானோ அவன் கடையில கொண்டுபோய் நிப்பாட்டு."

எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையில் இருந்த சேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கம்பத்தில் அந்தத் தெருவுக்கு அன்றைக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை.

ஈஸ்வரபாண்டி கேசரிக்காரர். ஊரில் அவருக்குப் பேரே அதுதான். முப்பது வருசமாக வேறு கம்பெனி வண்டியில் அவர் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. பழனிசெட்டிபட்டி கேசரி ஷோரூமில் புது மாடல் வந்தால், முதல் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைப்பது அவர்தான். அந்த ஷோரூம் முதலாளி விஜயகுமார் இப்போது சம்பந்தியும் ஆகப் போகிறார். அவர் மகள் ஜோதிகாவுக்கும் ஈஸ்வரபாண்டியின் மகன் சூரியபிரகாஷுக்கும் வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

இதற்கு நடுவில்தான் அந்த விபத்து. போன மாதம் பாண்டீஸ்வரியின் கணவன் கர்ணன், வீட்டுக்குப் புதிதாக வந்த ஃபோர் வீல் கேசரியில் உர மூட்டைகளோடு கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போனான். எஸ்டேட் மண் ரோட்டின் கடைசி ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு வழுக்கி இறங்கி, ஒரு பலா மரத்தில் மோதி நின்றது. மரம் இல்லாமல் போயிருந்தால் பள்ளம். கர்ணனுக்குத் தோளில் காரை எலும்பு முறிந்தது.

நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீல் லிவர் தானாகத் துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்றான் கர்ணன். ஷோரூமில் வண்டியைப் பழுது பார்த்து, ஓட்டிப் பார்த்து, லிவரில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஓட்டினவர் பதற்றத்தில் இழுத்திருப்பார் என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற ஈஸ்வரபாண்டி, "எங்க மாப்ள கொஞ்சம் அவசரக்காரருதான்" என்று சிரித்து மழுப்பினார்.

அந்த ஒரு சொல்தான் பாண்டீஸ்வரியைத் தேனிக்கு அனுப்பியது. யாரிடமும் கேட்காமல், தன் பெயரில் ஓரிக்ஸ் எடுத்துவிட்டாள். கேசரியின் பரம எதிரி ஓரிக்ஸ்.

"ஆத்தா, சொன்னாக் கேளு." ஈஸ்வரபாண்டி இப்போது குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டு ஆளுக தட்டு தூக்கிட்டு வருவாக. வாசல்ல ஓரிக்ஸ் நின்னா அந்த மனுசன் எப்படி உள்ள வருவாரு? செருப்பைக் கழட்டி மாலை போட்ட மாதிரி ஆயிராதா?"

"என் புருசன் தோள்பட்டையைக் கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்காரு. அதைப் பாத்துக்கிட்டு உள்ள வருவாரா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாண்டீஸ்வரி ஓரிக்ஸைப் பின்னால் எடுத்து, தெருவை அடைக்காமல் சுவரோரமாக நிறுத்தினாள். கேசரிக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒருக்களித்து உள்ளே போனாள்.

கர்ணன் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் போய்ப் போட்டுவிட்டாள்.

"விட்டுரு ஈசு," என்றான் அவன். "தம்பி நிச்சயம் முடியட்டும்."

"நிச்சயம் முடிஞ்சா கல்யாணம் முடியட்டும்பீக. கல்யாணம் முடிஞ்சா வளைகாப்பு முடியட்டும்பீக."

"மாமா பாவம்டி. அந்த வண்டியைச் சாமியா நெனைக்கிறாரு."

"நெனைச்சுக்கட்டும். நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அன்னைக்கு லிவரைத் தொட்டீகளா?"

கர்ணன் நிமிர்ந்து பார்த்தான். விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. மற்ற எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு கையும் ஸ்டீரிங்ல இருந்துச்சு."

"போதும்."

அவள் சமையற்கட்டுக்குப் போனாள். அம்மா சண்முகத்தாய் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நடந்தது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். மகளுக்கு நாலு இட்லியை வைத்துவிட்டு, "சாப்புட்டுட்டு சண்டை போடு" என்று மட்டும் சொன்னாள்.

எஸ்டேட்டில் உரம் தீர்ந்து போயிருந்தது. மழை பிடிப்பதற்குள் மூட்டைகள் மேலே போயாக வேண்டும். இன்றைக்கும் வண்டி வரவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக சூப்பர்வைசர் ஜேசுராஜ் சொல்லிவிட்டார். அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார். 'அந்தக் கேசரியில மட்டும் வராதிங்க சேச்சி. அது வந்தா எங்க பெண்ணுங்க சரிவுல வேலைக்கே இறங்க மாட்டேங்குறாங்க.'

பாண்டீஸ்வரி கடைசி இட்லியைப் பிட்டபோது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஈஸ்வரபாண்டி பேப்பரைப் போட்டுவிட்டுக் கீழே இறங்குவது ஜன்னல் வழியே தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார். "வாத்தா, வாத்தா... என்ன இம்புட்டு தூரம் தனியா?"

வந்தவள் ஜோதிகா.

கேசரி சின்னம் போட்ட நீலச் சட்டை, ஜீன்ஸ், தலையில் ஹெல்மெட். அப்பாவின் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து ஒரு வருசமாகிறது. விற்கிற வண்டியை வாங்குகிறவர் கையில் ஒப்படைப்பதும் அவள் வேலைதான்.

நிச்சயத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரலாமா என்று சண்முகத்தாய் யோசிப்பதற்குள், ஜோதிகா அடுப்படி வரை வந்துவிட்டாள்.

"மதினி, அப்பா அனுப்பிவிட்டாரு. உங்களைச் சமாதானம் பண்ணி, ஓரிக்ஸைத் திருப்பிக் குடுக்க வைக்கணுமாம்."

பாண்டீஸ்வரி கை கழுவிக்கொண்டே கேட்டாள். "நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டு வந்தேன். ஆனா நான் வந்தது அதுக்கு இல்ல." ஜோதிகா குரலைத் தாழ்த்தவில்லை. வாசலில் நின்ற ஈஸ்வரபாண்டிக்கும் கேட்கட்டும் என்றே பேசினாள். "எங்க ஆளுக அந்த வண்டியை எங்கன ஓட்டிப் பாத்தாக தெரியுமா? பைபாஸ்ல. காலி வண்டியா. அதை வச்சு எப்படிக் குறை இல்லைன்னு சொல்ல முடியும்? மூணு நாளாத் தூக்கம் வரல. எனக்கு அந்த ஏத்தத்துல, லோடோட ஓட்டிப் பாக்கணும்."

உள் அறைக் கதவருகே கர்ணன் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் ஜோதிகா, "அண்ணே, கை எப்படி இருக்கு?" என்றாள். ஷோரூம் பக்கமிருந்து இதுவரை ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"பரவால்லம்மா. ஆனா அங்கன போகாதீங்க."

"போவோம்!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஈஸ்வரபாண்டி உள்ளே வந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. இது அவருக்குப் பிடித்த வழி. "ஜோதிகா சொல்றதுதான் சரி. ஏத்துங்க மூட்டையை. புதுக் கேசரியை நானே ஓட்டுறேன். நான் ஏத்திக் காட்டிட்டேன்னா, ஈசு, நீ அந்த வெள்ளைக் கழுதையைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுரணும். சம்மதமா?"

பாண்டீஸ்வரி ஒரு கணமும் தயங்கவில்லை.

"சம்மதம். ஏறலைன்னா?"

"ஏறும்."

"ஏறலைன்னா, இவுக கிட்ட நீங்க பேசணும்." அவள் கர்ணனைக் காட்டினாள்.

ஈஸ்வரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பழைய கேசரி வாசலை விட்டு நகர்ந்தது.

மூட்டைகளைச் சமமாகப் பிரித்து இரண்டு வண்டியிலும் ஏற்றச் சொன்னது பாண்டீஸ்வரி. எதற்கு என்று கேட்ட அப்பாவுக்கு, "என் வண்டிக்கும் கனம் வேணும்" என்றாள். முன்னால் ஓரிக்ஸ். பின்னால் புதுக் கேசரி, அதில் ஈஸ்வரபாண்டியும் ஜோதிகாவும்.

கம்பத்தை விட்டு மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. கீழே திராட்சைத் தோட்டங்களும் வாழையும் வெயிலில் கிடந்தன. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டி, எஸ்டேட் பாதையில் திரும்பியபோது ரோடு சிவப்புச் சேறாகக் கிடந்தது. நேற்று ராத்திரி பெய்திருக்கிறது.

ஏற்றத்தின் அடியில் ஜேசுராஜ் நின்றுகொண்டிருந்தார். கேசரியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"சேச்சி, இது வேண்டான்னு பறஞ்சேனே!"

"இன்னைக்கு மட்டும். சரிவுல இருக்கிறவுகளை மேல ஏறிப் போகச் சொல்லுங்க. ஒருத்தரும் கீழ இருக்கக் கூடாது. சக்கரத்துக்கு வைக்க நல்ல கட்டையா ரெண்டு எடுத்துட்டு வாங்க."

ஓரிக்ஸின் பின்னாலிருந்து அகலமான இழுவை பெல்ட் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையைத் தன் வண்டியின் கொக்கியில் மாட்டினாள். மறுமுனையோடு கேசரியை நோக்கி வந்தாள்.

ஈஸ்வரபாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வண்டிக்குக் கயிறா? ஓரிக்ஸ் பின்னால கேசரி கட்டிக்கிட்டுப் போகவா? ஊருக்குத் தெரிஞ்சா நான் மீசையோட நடக்க முடியுமா?"

"கட்டாம இந்த வண்டி நகராது."

"நான் ஓட்டுறேன்ல?"

"அவரும் நல்லாத்தான் ஓட்டுனாரு."

ஜோதிகா கதவைத் திறந்து இறங்கினாள். "மாமா, பெல்ட் கட்டுனா நான் வண்டியில ஏறுவேன். கட்டாட்டி ஏற மாட்டேன்."

வருங்கால மருமகளிடம் அவரால் கத்த முடியவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கட்டுங்க, கட்டித் தொலைங்க" என்றார்.

ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் இரண்டு வண்டிகளும் ஏறத் தொடங்கின. பாண்டீஸ்வரி கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பெல்ட் தொய்யவும் கூடாது, அப்பாவின் வண்டியை இழுக்கவும் கூடாது. இழுத்தால், நீ இழுத்துத்தான் ஏறியது என்று ஆகிவிடும். ஆளில்லாத பாதையில் இரண்டு இன்ஜின்களும் ஒரே குரலில் முனகின. பலா மரம் வந்தது. பட்டை உரிந்த இடம் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. அதைத் தாண்டினார்கள்.

மேலே வந்து நின்றபோது கேசரியின் ஹாரன் விடாமல் அலறியது.

"பாத்தியா! பாத்தியா ஆத்தா!" ஈஸ்வரபாண்டி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு சிரித்தார். "பட்டு மாதிரி ஏறுதுய்யா! பெல்ட்டு சும்மா தொங்கிக்கிட்டு வருது!"

பாண்டீஸ்வரிக்கு ஓரிக்ஸைத் திருப்பிக் கொடுப்பதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்குப் போய்க் கர்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவன் ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மரத்துக்கு மேலே... எதிரில் ஜீப்... ஒதுங்க இடமில்லை...

கதவைத் திறந்து குதித்தாள்.

"ஜோதிகா! அன்னைக்கு அவுக நடுவுல நிப்பாட்டுனாக! எதிர்ல ஆள் ஏத்துன ஜீப் வந்துச்சு. அது ரிவர்ஸ்ல போறவரைக்கும் ஏத்தத்துலயே நின்னுட்டு, பெறகுதான் எடுத்தாக."

ஜோதிகாவும் இறங்கியிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "நானும் அதைத்தான் யோசிச்சேன் மதினி. ஒரே வேகத்துல ஏறும்போது ஒண்ணும் ஆகல. நின்னு எடுக்கும்போது மொத்தக் கனமும் ஒரே நேரத்துல கியர்ல விழும். வண்டியும் இப்ப நல்லா சூடாயிருக்கு. மாமா, இன்னொரு தடவை."

"ஏறிக் காட்டியாச்சு. பேச்சு முடிஞ்சுச்சு."

"அப்பா." பாண்டீஸ்வரி அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வண்டி மேல நம்பிக்கை இருக்குல்ல? இருந்தா இன்னொரு தடவை ஏத்துங்க."

அதற்கு மேல் அவர் மறுக்க முடியாது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு வண்டிகளும் மெல்ல இறங்கின. பெல்ட்டை மறுபடி மாட்டினார்கள். மறுபடி ஏறினார்கள். பலா மரத்துக்குச் சற்று மேலே வந்ததும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி பாண்டீஸ்வரி சைகை காட்டினாள். இரண்டும் நின்றன. ஜேசுராஜ் பக்கத்து மேட்டில் கட்டைகளோடு தயாராக நின்றார்.

"எடுக்கலாம்!" என்றாள் பாண்டீஸ்வரி.

கேசரி உறுமியது. ஓரடி நகர்ந்தது.

டக்கென்று ஒரு சத்தம்.

அடுத்த நொடி கேசரியின் இன்ஜின் வெறுமனே கூச்சலிட்டது. சக்கரத்துக்குப் பலம் போகவில்லை. ஈஸ்வரபாண்டி பிரேக்கில் ஏறி நின்றார். சக்கரங்கள் நின்றன, ஆனால் வண்டி நிற்கவில்லை. பூட்டிய சக்கரத்தோடு சேற்றில் பின்னுக்கு வழுக்கத் தொடங்கியது.

பெல்ட் விறைத்தது. ஓரிக்ஸ் உதறிக்கொண்டு பின்னால் போனது.

பாண்டீஸ்வரி பிரேக்கைத் தொடவில்லை. தொட்டால் தானும் வழுக்குவோம் என்று தெரியும். லோ கியரில், ஆக்சிலேட்டரைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே அழுத்தமாக அழுத்தினாள். பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. வண்டி இன்னும் வழுக்கியது. இன்னும் கொஞ்சம். கண்ணாடியில் அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் வாய் திறந்திருந்தது.

பின்னால் கிடந்த உர மூட்டைகளின் கனத்தில் ஓரிக்ஸின் சக்கரம் சேற்றுக்குக் கீழே இருந்த கல்லைத் தொட்டது. பிடித்தது.

இரண்டு வண்டிகளும் நின்றன.

"சேச்சி, அப்படியே பிடிச்சோ! விடாதே!" ஜேசுராஜ் ஓடிவந்து கேசரியின் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளினார். மேலே நின்ற எஸ்டேட் பெண்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்தார்கள்.

பாண்டீஸ்வரி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போனபோது, ஈஸ்வரபாண்டி இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. லிவர் நடுவில், நியூட்ரலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தது.

"நான் தொடலைத்தா," என்றார். "சத்தியமாத் தொடலை."

"தெரியும் மாமா," என்றாள் பக்கத்தில் இருந்த ஜோதிகா. அவள் முகம் வெளுத்திருந்தது. "நான் அதைத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். தானாத்தான் வந்துச்சு."

அவர் மகளைப் பார்த்தார். "மாப்ளயும் இதைத்தான சொன்னாரு..."

பாண்டீஸ்வரி கதவைத் திறந்து, கையைப் பிடித்து அவரை இறக்கிவிட்டாள்.

கேசரியைப் பாதையை விட்டு ஒதுக்கி, மரத்தோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டு, மூட்டைகளை எல்லாம் ஓரிக்ஸிலேயே இரண்டு நடையாக மேலே ஏற்றினார்கள். ஏலக்காய் ஸ்டோர் முற்றத்தில் டவர் கிடைத்தது. ஈஸ்வரபாண்டி தள்ளிப் போய் நின்று போனை எடுத்தார்.

"மாப்ள... நான்தான்."

அந்தப் பக்கம் கர்ணன் என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை.

"லிவர் தானா வந்துருச்சு மாப்ள. என் கையாலதான் ஓட்டுனேன். உங்களை நாலு பேரு முன்னால அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. சம்பந்தி மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன். உங்க மனசைப் பாக்கல."

பிறகு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்ல, இல்ல, எனக்கு அடி ஒண்ணும் இல்ல" என்று சொல்வது கேட்டது. கர்ணன் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறான். பாண்டீஸ்வரி திரும்பி நின்றுகொண்டாள்.

ஜோதிகாவின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. விஜயகுமாரின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

"ஒரு வண்டில ஆச்சுன்னா எல்லா வண்டிலயும் ஆகுமா? கம்பெனிக்கு எழுதுவோம். பதில் வர்றவரைக்கும் வாயைத் தொறக்காத."

"கம்பெனிக்கு நீங்க எழுதுங்கப்பா. வாங்குனவுகளுக்கு நான் சொல்றேன்."

"சொன்னா ஷோரூமை இழுத்து மூட வேண்டியதுதான்! தெரியுதா? இன்னும் அந்த வீட்டுக்கு மருமகளாவே போகல, அதுக்குள்ள கட்சி மாறிட்டியா?"

ஜோதிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று பாண்டீஸ்வரி நினைத்தாள். அவள் அழவில்லை.

"கட்சி மாறலப்பா. அது நம்ம வித்த வண்டி. என் கையால சாவி குடுத்தேன். நம்மதான் சொல்லணும்."

ஈஸ்வரபாண்டி வந்து கையை நீட்டினார். ஜோதிகா போனைக் கொடுத்தாள்.

"சம்பந்தி, ஈஸ்வரபாண்டி பேசுறேன். வண்டியை ஓட்டுனது நான். வழுக்குனதும் நான் இருந்த வண்டி. உங்க பொண்ணும் உள்ளதான் இருந்துச்சு. பெல்ட்டு கட்டலைன்னா ரெண்டு பேரும் இந்நேரம் பள்ளத்துல."

அவர் நிறுத்தவில்லை.

"முப்பது வருசமா கேசரி வாங்குங்கன்னு ஊர் ஊராச் சொன்னவன் நான். இப்ப இதையும் நான்தான் சொல்லணும். பிள்ளையை வையாதீக."

"அப்ப வெள்ளிக்கிழமையையும் நீங்களே முடிவு பண்ணிக்கங்க," என்றது விஜயகுமாரின் குரல். போன் கட்டாகிவிட்டது.

ஜேசுராஜ் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தார். ஜோதிகா அதைத் தொடாமல், சூரியபிரகாஷுக்கு ஒரு போன் போட்டாள். 'நான் இப்படிச் செய்யப் போறேன். வெள்ளிக்கிழமை என்ன ஆகும்னு தெரியல' என்று மட்டும் சொல்லி வைத்தாள். அவன் சொன்ன பதிலை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாண்டீஸ்வரியும் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். அந்த மாடல் ஃபோர் வீல் வாங்கியவர்கள் மாவட்டத்திலேயே சில பேர்தான். எல்லோர் பெயரும் அவளுக்குத் தெரியும். போடிக்காரர் திட்டினார். உத்தமபாளையத்துக்காரர் நன்றி சொன்னார். சின்னமனூர்க்காரர், மலைக்கே போவதில்லை, ஆனாலும் இனி லோடு ஏற்றவில்லை என்றார்.

"கடைசியா ஜெயமங்கலம் அம்மாவாசி," என்றாள்.

ஈஸ்வரபாண்டி சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "அவனா? ஓரிக்ஸ் எடுக்கத்தான் வந்தான். நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கேசரி வாங்க வச்சேன்."

அம்மாவாசியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. வீட்டு எண்ணில் அவர் மனைவி கஸ்தூரியம்மாள் எடுத்தாள்.

"அவுக காலையிலயே அகமலைக்குக் கெளம்பிட்டாகளேம்மா. காப்பித் தோட்டத்துக்கு ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போயிருக்காக. அங்கன டவர் கெடைக்காது. சாயங்காலம் காப்பிப் பழ மூட்டையையும் ஆளுகளையும் ஏத்திக்கிட்டுத்தான் இறங்குவாக. எதுவும் முக்கியமான விசயமாம்மா?"

ஜோதிகாவிடமிருந்து போனை பாண்டீஸ்வரி வாங்கினாள்.

"யக்கா, அவரு பேசுனா, வண்டியில யாரையும் ஏத்தாம நடந்து இறங்கச் சொல்லுங்க. நாங்க நேர்ல வாறோம்."

கம்பம் இறங்கி, தேனி தாண்டி, பெரியகுளம் போய், அதற்கு மேல் மலை. சாயங்காலத்துக்குள் போய்விடலாம், நிற்காமல் போனால். பாண்டீஸ்வரி ஓரிக்ஸில் ஏறினாள். ஜோதிகா மறு பக்கம் ஏறி நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஈஸ்வரபாண்டி வண்டியைச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவருகே ஒரு கணம் நின்றார். பிறகு ஜோதிகா ஏறிய பக்கம் போய், படியில் கால் வைத்து ஏறிக் கதவைச் சாத்தினார்.

"நீயே ஓட்டுத்தா," என்றார். "இது எனக்குப் பழக்கமில்லாத வண்டி. வெரசாப் போ."

மலை இறக்கத்தில் அவர் ஒரு முறைகூட மெதுவாகப் போ என்று சொல்லவில்லை. கடைசி வளைவில் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்தது. இங்கே வெயில். தூரத்தில், பெரியகுளம் பக்கத்து மலைகள் கறுத்துக் கிடந்தன. அங்கே மழை இறங்கிக்கொண்டிருந்தது.

ஜோதிகா மறுபடியும் அம்மாவாசியின் எண்ணை அழுத்தினாள்.

இந்த முறை மணி அடித்தது. டவர் உள்ள இடத்துக்கு வண்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.